எழுபதைத் தாண்டியவர்களுக்கு பிசியோ: கரண்ட் வைப்பதா, எடை தூக்க வைப்பதா?

ஜூன் 4. பெங்களூருவிலிருந்து ஒரு வாசகர்

அம்மாவுக்கு 76 வயது. இரண்டு முட்டியிலும் தேய்மானம். ஊரில் ஒரு பிசியோ சென்டரில் பத்து சிட்டிங் பேக்கேஜ் கட்டினோம். படுக்க வைத்து கரண்ட் வைக்கிறார்கள். ஜெல் தடவி ஒரு மெஷினால் தேய்க்கிறார்கள். சிவப்பு லைட் காட்டுகிறார்கள். அன்று சாயந்திரம் வரை சுகம், மறுநாள் பழையபடி. பேக்கேஜ் முடிந்ததும் இன்னொரு பேக்கேஜ் எடுக்கச் சொல்கிறார்கள். என் முடிவு இதுதான்: வயதானவர்களுக்கு பிசியோ என்பது காசு பிடுங்கும் வேலை, தினம் வாக்கிங் போனால் போதும். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் சொல்லலாம்.

ஜூன் 4, இரவு

பாதி சரி. நான் ஸ்ரீரங்கத்தில் வீடு வீடாகப் போய்ப் பார்க்கிற பிசியோ. இதை எழுதினால் என் தொழில்காரர்கள் சிலர் சண்டைக்கு வருவார்கள், வரட்டும். முட்டித் தேய்மானத்துக்கு நீங்கள் சொன்ன மூன்றும் செய்வது, வலியைக் கொஞ்ச நேரம் அமுக்கி வைப்பது. எந்த நோய்க்கு என்ன சிகிச்சை என்று டாக்டர்களுக்கு வழிகாட்டும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022ல் வெளியிட்ட மூட்டுத் தேய்மான வழிகாட்டியில் டென்ஸ், இன்டர்ஃபெரன்ஷியல் (இரண்டும் கரண்ட் வகை), அல்ட்ராசவுண்ட் (ஜெல் தடவித் தேய்க்கிற மெஷின்) எதையும் கொடுக்காதீர்கள், பலனுக்குப் போதிய ஆதாரம் இல்லை என்றே எழுதிவிட்டார்கள். அதே வழிகாட்டி எல்லோருக்கும் கொடுக்கச் சொல்வது உடற்பயிற்சியை.

உங்கள் அம்மா பத்து சிட்டிங்கும் படுத்தே இருந்திருக்கிறார். ஒரு தடவையாவது எழுந்து நிற்கச் சொன்னார்களா, படி ஏறச் சொன்னார்களா என்று கேட்டுப் பாருங்கள். இல்லை என்றால் நீங்கள் கட்டியது மெஷின் வாடகை.

வாக்கிங் போதும் என்பது மட்டும் தப்பு. நாளை எழுதுகிறேன், இன்னும் ஒரு வீடு பாக்கி இருக்கிறது.

ஜூன் 5

காலையில் உத்தர வீதியில் நின்று பார்த்தால் எண்பது வயது மாமாக்கள் கோயிலைச் சுற்றிக்கொண்டிருப்பார்கள். அதில் ஒருவர் என்னிடம் பயிற்சி எடுக்கிறார். ஒரு சுற்று மூச்சு வாங்காமல் வருவார். அதே மனிதர் வீட்டு சோபாவிலிருந்து எழ வேண்டுமென்றால் இரண்டு கையையும் ஊன்றி, முன்னும் பின்னும் ஆடி, "பெருமாளே" என்று ஒரு குரல் கொடுத்தால்தான் ஆகும்.

காரணம் ரொம்ப சாதாரணமானது. சமதரையில் நடக்கத் தொடைக்குப் பெரிய பலம் வேண்டாம். தாழ்ந்த நாற்காலியிலிருந்து எழ, டாய்லெட்டிலிருந்து எழ, டவுன் பஸ்ஸின் முதல் படியில் கால் வைக்க, தடுக்கினால் சட்டென்று அடுத்த காலைப் போட்டு நிற்கத்தான் பலம் வேண்டும். நடை அந்தப் பலத்தைத் தராது. இதயத்துக்கும் சர்க்கரைக்கும் தூக்கத்துக்கும் நடை நல்லது, யாரும் விட்டுவிட வேண்டாம். ஆனால் முப்பது வருடமாக அதே வீதியில் அதே வேகத்தில் நடப்பவரின் தொடைக்கு அங்கே புதிதாக ஒரு வேலையும் இல்லை.

வீட்டிலேயே பார்க்க ஒரு சோதனை இருக்கிறது. 43 சென்டிமீட்டர் உயரமுள்ள, கை இல்லாத நாற்காலி ஒன்று. இரண்டு கையையும் மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு, 30 நொடியில் எத்தனை தடவை முழுசாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். 75லிருந்து 79 வயது வரை உள்ள பெண் 10க்குக் கீழே, ஆண் 11க்குக் கீழே என்றால் கால் பலம் அந்த வயதின் சராசரிக்குக் குறைவு, விழும் வாய்ப்பு கூடுதல் என்று அமெரிக்க நோய்த்தடுப்பு மையத்தின் அட்டவணை சொல்கிறது. கையை ஊன்றி எழுந்தால் பூஜ்யம். ஆமாம், ஒரு தடவை ஊன்றினாலும்.

ஜூன் 5, கொஞ்சம் கழித்து

நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள்! பிளாஸ்டிக் நாற்காலி டைல்ஸ் தரையில் பின்னால் நழுவும். பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும். தலை சுற்றலோ நெஞ்சு வலியோ உள்ளவரிடம் இந்தச் சோதனையே வேண்டாம்.

ஜூன் 8

கோவையிலிருந்து ஒருவர் தன் மாமியாருக்குச் சோதித்துப் பார்த்து 4 வந்தது என்கிறார். "பயமாக இருக்கிறது, இனிமேல் அவரை எழவே விடமாட்டோம்" என்றும் எழுதியிருக்கிறார். ஐயா, தலைகீழாகப் புரிந்துகொண்டீர்கள். 4 வந்தவரைத்தான் அதிகமாக எழவிட வேண்டும்.

என் வேலையில் பெரிய எதிரி நோய் கிடையாது, அன்புதான். "மெதுவா, மெதுவா." "நீங்க உக்காருங்கம்மா, நான் எடுத்துத் தரேன்." தண்ணீர் டம்ளர் கைக்கு வரும், மாத்திரை கைக்கு வரும், ரிமோட் கைக்கு வரும். நாளெல்லாம் மொத்தமே ஐந்தாறு தடவைதான் எழுந்திருப்பார். அப்புறம் "கால்ல பலமே இல்லை, வயசாயிடுச்சு" என்று எனக்கு ஃபோன்.

நான் போனாலும் முதல் வாரம் அதே பயம். ஒரு மாமிக்குக் கணுக்காலில் ஒரு கிலோ எடைப் பட்டை கட்டினால் மகன் வீடியோ காலில் கத்துகிறார். இத்தனைக்கும் அந்த மாமி போன மாதம்வரை பத்து லிட்டர் பிரஷர் குக்கரைத் தனியாகத் தூக்கி இறக்கியவர். "ஏம்மா, எனக்கு இந்த வயசுல பாடி பில்டிங்கா?" என்றார் அவரும் தன் பங்குக்கு.

ஆமாம் மாமி, பாடி பில்டிங்தான். 1990ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் 90 வயதை ஒட்டிய பத்துப் பேரை எடை கட்டித் தொடைப் பயிற்சி செய்ய வைத்தார்கள். சும்மா பேருக்குக் கட்டிய எடை இல்லை, அவர்களால் தூக்க முடிந்த அதிகபட்சத்தில் 80 சதவீதம் வரை. எட்டு வாரத்தில் தொடைப் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. மரியா ஃபியட்டரோன் என்ற மருத்துவர் நடத்திய ஆய்வு அது. முப்பத்தைந்து வருடம் ஆகிவிட்டது. இன்னும் நம் ஊரில் முதியவர்களுக்கான பயிற்சி என்றால் நாற்காலியில் உட்கார்ந்து கணுக்காலை மேலே கீழே ஆட்டுவதுதான்.

அதிலும் ஒரு பிரிண்ட் எடுத்த தாள் கொடுப்பார்கள். பத்துப் படம், ஒவ்வொன்றும் பத்து முறை. ஆறு மாதம் கழித்தும் அதே தாள், அதே பத்து. ஒரு பயிற்சியைப் பதினைந்து முறை சிரமமில்லாமல், பேசிக்கொண்டே செய்ய முடிகிறது என்றால் அது இனி அவருக்குப் பயிற்சியே இல்லை. எடையைக் கூட்ட வேண்டும், அல்லது நாற்காலியைத் தாழ்த்த வேண்டும், அல்லது ஒரு காலுக்கு மாற வேண்டும். கடைசி இரண்டு மூன்று முறை முகம் சுளிக்கிற அளவுக்கு இருந்தால்தான் அது சரியான அளவு.

ஜூன் 9

"80 வயதில் முகம் சுளிக்க வைத்தால் ஹார்ட் நின்றுவிடாதா?" நியாயமான கேள்வி. இரவே இதையும் எழுதியிருக்கலாம், தூக்கம் வந்துவிட்டது.

நடக்கும்போது நெஞ்சில் இறுக்கம், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, சமீபத்தில் மாரடைப்பு, கட்டுக்குள் வராத பிரஷர், காரணம் தெரியாத மயக்கம், திடீரென்று ஒரு கால் மட்டும் வீங்குவது. இதில் எது இருந்தாலும் முதலில் டாக்டரைப் பாருங்கள், எடையெல்லாம் அப்புறம். இவை இல்லாதவர்களுக்கு ஒரே விதி: மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கக் கூடாது. நான் வாய்விட்டு எண்ணச் சொல்வேன். எண்ணிக்கொண்டே மூச்சைப் பிடிக்க முடியாது. ஒரு மாமா எண்ணிக்கைக்குப் பதிலாக ஆழ்வார் பாசுரம் சொல்கிறார், அதுவும் சரிதான். ஆனால் ரசித்துச் சொல்லி இழுத்து இழுத்து ஒரு செட்டைப் பத்து நிமிடம் ஆக்கிவிடுகிறார்.

முட்டி வலி பற்றியும் கேட்டிருந்தீர்கள். டென்மார்க்கில் 2013ல் தொடங்கிய ஒரு திட்டம் இதற்கு நல்ல கணக்கு வைத்திருக்கிறது. பத்துக்கு ஐந்துவரை வலி இருந்தால் பயிற்சியைத் தொடரலாம். 24 மணி நேரத்துக்குள் அது பழைய நிலைக்கு இறங்கிவிட வேண்டும். இறங்கவில்லை என்றால் அடுத்த தடவை கொஞ்சம் குறைக்க வேண்டும். "வலித்தால் நிறுத்து" என்று பொதுவாகச் சொல்லிவிட்டால் தேய்மானம் உள்ளவர் எதையுமே தொடங்க முடியாது. வலித்தால் தேய்ந்துகொண்டே போகிறது என்று அர்த்தம் இல்லை. இதை நம்ப வைக்கத்தான் என் பாதி நேரம் போகிறது.

ஜூன் 14

சத்து மாவு, புரோட்டீன் பவுடர் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். அதே பாஸ்டன் குழு 1994ல் 100 பேரை வைத்துப் பெரிதாகச் செய்தது. சிலருக்குப் பயிற்சி மட்டும், சிலருக்குச் சத்து பானம் மட்டும், சிலருக்கு இரண்டும், சிலருக்கு இரண்டும் இல்லை. பயிற்சி செய்தவர்களுக்குப் பலம் இரட்டிப்புக்கு மேல் போனது. பானம் மட்டும் குடித்தவர்களுக்குப் பலம் கூடவில்லை.

அதற்காகச் சாப்பாடு முக்கியமில்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ராத்திரி இரண்டு இட்லி, காலையில் ஒரு காபி, மத்தியானம் ரசம் சாதம் என்று ஓட்டுகிற பாட்டிகளுக்குத் தசை எதிலிருந்து வளரும்? பருப்பு, தயிர், சுண்டல், முட்டை சாப்பிடுபவர் என்றால் முட்டை. கிட்னி பிரச்சினை இருந்தால் எவ்வளவு என்று டாக்டரைக் கேளுங்கள். டப்பாவை வாங்கி அலமாரியில் வைத்ததும் கடமை முடிந்தது என்று நினைக்கிற பிள்ளைகளுக்காக இதைச் சொல்கிறேன்.

ஜூன் 20

இடுப்பு எலும்பு முறிவு பற்றி நீளமாக எழுதச் சொல்லி சேலத்துக்காரர் கேட்டிருந்தார். அப்பா பாத்ரூமில் விழுந்து, ஆபரேஷன் முடிந்து, ஒரு மாதமாகக் கட்டிலில் இருக்கிறாராம். "எலும்பு கூடட்டும், அப்புறம் நடக்கலாம்" என்று சொந்தக்காரர்கள் சொன்னார்களாம். டாக்டர் என்ன சொன்னார் என்றால், மறுநாளே நிற்க வைக்கச் சொல்லியிருக்கிறார்!

இது தினசரிக் கதை. தொடை எலும்பின் மேல்முனையில் முறிந்தால் இடுப்பு மூட்டின் பந்தை மாற்றுவதும் ராடு வைப்பதும் எதற்காக? மறுநாளே அந்தக் காலை ஊன்ற வேண்டும் என்பதற்காகத்தான். சர்ஜன் வேறு மாதிரி சொல்லாதவரை மறுநாளே உட்கார்ந்து, வாக்கரைப் பிடித்து நிற்க வேண்டும். 2007ல் ஒரு ஆய்வில் ஒரு நோயும் இல்லாத, அறுபதைத் தாண்டிய ஆட்களைப் பத்து நாள் படுக்க வைத்தார்கள். அந்தப் பத்து நாளில் காலில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை போய்விட்டது. அடிபடாத ஆளுக்கே இப்படி என்றால், ஆபரேஷன் முடிந்து, பசியும் இல்லாமல் ஒரு மாதம் கிடந்தவருக்கு எவ்வளவு போயிருக்கும்? படுக்கைப்புண், நெஞ்சுச் சளி, காலில் ரத்தக் கட்டி, இவை எல்லாம் அந்தக் கட்டிலில்தான் காத்திருக்கின்றன.

வீட்டுக்குப் போனால் நான் முதலில் பார்ப்பது கட்டிலின் உயரத்தை. உட்கார்ந்தால் பாதம் முழுதாகத் தரையில் பட வேண்டும், முட்டியைவிட இடுப்பு ஒரு பிடி உயரத்தில் இருக்க வேண்டும். கயிற்றுக் கட்டில், அமுங்குகிற மெத்தை இரண்டும் ஆகாது. கட்டில் கால்களுக்கு அடியில் மரக்கட்டை கொடுத்து உயர்த்தியதில் ஒரு பாட்டி அன்றே யாரும் தூக்காமல் எழுந்தார். என் கைராசி என்று அந்தத் தெருவெல்லாம் பேச்சு. தச்சருக்குப் போக வேண்டிய பாராட்டு.

பச்சிலைக் கட்டுப் போட்டுப் பார்க்கலாமா என்பவர்களுக்கு: இந்த முறிவுக்கு வேண்டவே வேண்டாம். கட்டு நல்லதா கெட்டதா என்ற சண்டைக்கே நான் வரவில்லை. எந்தக் கட்டானாலும் மாதக்கணக்கில் படுக்க வேண்டும், 80 வயதுக்காரரால் அது தாங்காது.

ஜூன் 21

கைத்தடி எந்தக் கையில்? வலது முட்டி வலித்தால் இடது கையில். சினிமாவில் எல்லோரும் வலிக்கிற பக்கமே பிடித்து நொண்டுவார்கள், அதைப் பார்த்துத்தான் ஊரே பிடிக்கிறது. கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்பு வருகிற உயரத்துக்குத் தடி இருக்க வேண்டும். அடியில் ரப்பர் தேய்ந்திருந்தால் இன்றே மாற்றுங்கள். தாத்தா காலத்து வெள்ளிப் பூண் போட்ட தடி அழகாக இருக்கும், டைல்ஸில் வழுக்கும்.

படிக்கட்டில்: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில்.

ஜூன் 29

விழுவதைத் தடுப்பது எப்படி என்ற கேள்விக்கு இவ்வளவு பதில் வரும் என்று நினைக்கவில்லை. பாத்ரூமில் கைப்பிடி, வழுக்காத மேட், ராத்திரி லைட் எல்லாம் சரி, நீங்களே சொல்லிவிட்டீர்கள். துண்டு மாட்டுகிற கம்பியைக் கைப்பிடி என்று நினைத்துப் பிடிக்காதீர்கள், கையோடு வந்துவிடும். விட்டுப்போன சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

ஒன்று பிரஷர். படுத்தபடி ஒரு தடவை பார்த்துவிட்டு, எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள் மறுபடி பாருங்கள். மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். ஆண்களுக்கு புராஸ்டேட்டுக்குக் கொடுக்கிற டாம்சுலோசின் மாத்திரையும் இப்படி இறக்கும். ராத்திரி சிறுநீருக்கு எழுகிறவர்களும் அவர்கள்தான், இருட்டில் விழுகிறவர்களும் அவர்கள்தான். கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்து, காலை ஆட்டிவிட்டு எழச் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

இன்னொன்று பேச்சு. 1997ல் சுவீடனில் ஒரு குழு ரொம்ப எளிமையான விஷயத்தைக் கவனித்தது. முதியவரோடு நடந்துகொண்டே பேச்சுக் கொடுத்தால், பதில் சொல்ல நின்றுவிடுகிறவர்கள் பின்னால் அதிகம் விழுகிறார்கள். நடப்பதற்கே முழுக் கவனமும் தேவைப்படுகிறது என்று அர்த்தம். அதைப் படித்ததிலிருந்து நான் மாடிப்படி ஏறும்போது பேத்திக்கு எப்போது கல்யாணம் என்று கேட்பேன். நின்றுவிட்டால் குறித்துக்கொள்வேன். சிலர் வேறு காரணத்துக்காகவும் நிற்பார்கள், அந்தக் கேள்வி சில வீடுகளில் அப்படி.

பயிற்சி விஷயத்தில் நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்தில் உருவான முறையைத்தான் நான் அடித்தளமாக வைத்திருக்கிறேன். கணுக்காலில் எடை கட்டிக் கால் பயிற்சி, குதிகாலில் நடப்பது, ஒரு பாதத்துக்கு நேர் முன்னால் மறு பாதம் வைத்து நடப்பது, ஒற்றைக் காலில் நிற்பது. வாரம் மூன்று நாள், அரை மணி. இதில் முதியவர்கள் விழுவது 35 சதவீதம் குறைந்தது. வீட்டிலேயே செய்கிற மாதிரி அமைத்தது. சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு செய்யலாம், குக்கர் விசில் எண்ணிக்கொண்டே.

செருப்பு விட்டுப்போச்சு. தேய்ந்த ரப்பர் செருப்பைத் தூக்கிப் போடுங்கள், பின்பட்டை வைத்ததை வாங்குங்கள். சர்க்கரையால் பாதம் மரத்தவர்களுக்குச் செருப்பு காலை விட்டுக் கழன்றதே தெரியாது. அப்புறம் நைட்டி. தரையைக் கூட்டுகிற நீளத்தில் இருந்தால் இரண்டு அங்குலம் மடித்துத் தைத்துவிடுங்கள்.

ஜூலை 6

தரையில் உட்காரலாமா கூடாதா என்பதில் இங்கே இரண்டு கட்சி ஆகிவிட்டது. எனக்கும் இதில் இரண்டு மனசு.

முட்டி மாற்று ஆபரேஷன் செய்தவர்களிடம் பெரும்பாலான சர்ஜன்கள் தரையில் உட்காராதே, இந்தியன் டாய்லெட் போகாதே என்கிறார்கள். அதை மதிக்கிறேன். தேய்மானம் முற்றியவரைச் சம்மணம் போடச் சொல்லி வற்புறுத்துவதிலும் அர்த்தம் இல்லை. ஆனால் அறுபது வயதில், முட்டி நன்றாக இருக்கும்போதே, "எதற்கு வம்பு" என்று டைனிங் டேபிளுக்கு முழுசாக மாறிவிடுகிறவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. தரையில் உட்கார்ந்து எழுவது நம் ஊரில் காசில்லாமல் கிடைத்த பயிற்சி. ஒரு நாளைக்கு இரண்டு வேளை சாப்பாடு, ஒரு பூஜை, அரிசி பொறுக்குவது என்று எண்ணிப் பாருங்கள். அதை விட்டுவிட்டு எழுபதில் என்னிடம் வருகிறார்கள், நான் அதையே கட்டணம் வாங்கிக்கொண்டு சொல்லித் தருகிறேன்.

எந்தக் கட்சியாக இருந்தாலும் ஒன்றை எல்லோரும் பழக வேண்டும்: விழுந்தால் எழுவது எப்படி. அடிபடாமல் விழுந்தும், எழத் தெரியாமல் மணிக்கணக்கில் தரையில் கிடந்தவர்கள் உண்டு. முதலில் அசையாமல் கிடந்து எங்கே வலிக்கிறது என்று பாருங்கள். இடுப்பிலோ தொடையிலோ கடும் வலி, கால் ஒரு பக்கம் திரும்பியிருக்கிறது என்றால் எழ முயலவே வேண்டாம், கூப்பிடுங்கள். ஒன்றும் இல்லை என்றால் ஒருக்களித்துத் திரும்பி, முழங்கையை ஊன்றி, நாலு காலில் தவழ்ந்து கனமான நாற்காலிக்கோ கட்டிலுக்கோ போங்கள். இரண்டு கையையும் அதன் மேல் வையுங்கள். பலமான காலின் பாதத்தை முன்னே ஊன்றி, மற்ற முட்டியில் மண்டியிட்டபடி தள்ளி எழுந்து, திரும்பி உட்காருங்கள். முட்டிக்கு அடியில் தலையணை போட்டுக்கொள்ளலாம்.

இதை முதல் தடவை விழுந்த பிறகு கற்றுக்கொள்ள முடியாது. பாயைப் போட்டு முன்கூட்டியே ஒத்திகை பார்க்க வேண்டும். எண்பது வயதுத் தம்பதிக்கு இதைச் சொல்லிக்கொடுத்த அன்று, மாமாவை நாலு காலில் பார்த்து மாமி சிரித்த சிரிப்பில் பயிற்சி நின்றே போயிற்று.

ஜூலை 12

காசு விஷயம். வீட்டுக்கு வந்து பார்க்கிற பிசியோவுக்கு மாதக்கணக்கில் கொடுக்க எல்லோராலும் முடியாது, தெரியும். தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியபோதே, வீட்டுக்கு வந்து பிசியோ பார்ப்பதும் அதில் சேர்ந்திருந்தது. பிரஷர், சர்க்கரை மாத்திரை மட்டும்தான் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்ப் பெயர் கொடுங்கள். தினம் வரமாட்டார்கள். அதனால் என்ன, வந்த அன்று கற்றுக்கொண்டு மற்ற நாள் நீங்கள் செய்ய வேண்டும். பல மாத்திரை, பல நோய் என்று சிக்கலாக இருந்தால் முதியோர் மருத்துவரைப் பாருங்கள். சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் வி.எஸ். நடராஜன் 1978லேயே அதற்குத் தனிப் பிரிவு தொடங்கினார். கிண்டியில் முதியோருக்கென்றே தேசிய மையம் 2024ல் திறந்தார்கள்.

தனியாரிடம் போகிறவர்கள் முதல் நாளே கேட்க வேண்டியது: எதை நோக்கிப் போகிறோம்? "வலி குறையும்" என்பது பதில் ஆகாது. "ஆறு வாரத்தில் கையை ஊன்றாமல் எழ வேண்டும்" என்பது பதில். எதையாவது அளந்து எழுதி வைத்துக்கொண்டாரா என்றும் பாருங்கள். நாற்காலியிலிருந்து எழுந்து மூன்று மீட்டர் நடந்து திரும்பி வந்து உட்கார எத்தனை நொடி என்பதைக்கூட எடுக்காதவர், முன்னேற்றத்தை எதை வைத்துச் சொல்வார்? 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் அபாயம் உண்டு என்று கணக்கு.

அப்புறம் கரண்ட் பற்றி மறுபடி. முதல் நாள் எழுதியதன் சாரத்தில் மாற்றம் இல்லை. ஆனால் ஒரு சக பிசியோ இங்கே கேட்டது உறைத்தது: "கரண்ட் வைக்காவிட்டால் அந்தப் பாட்டி மறுநாள் வருவாரா?" நிஜம்தான். மெஷின் இல்லாமல் போனால் "இவ சும்மா எக்சர்சைஸ் சொல்லித் தரா, வைத்தியம் பண்ணல" என்பார்கள். வலி பயத்தில் முட்டியை மடக்கவே மறுக்கும் ஒருவருக்குப் பத்து நிமிடம் சூடு ஒத்தடம் கொடுத்துவிட்டு, அந்தச் சுகம் இருக்கும்போதே எழுந்து உட்கார வைப்பதை நானும் செய்கிறேன். கணக்கு இதுதான்: ஒரு மணி நேரத்தில் படுத்திருப்பது பத்து நிமிடம் என்றால் சரி. ஐம்பது நிமிடம் என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

ஜூலை 19

"நீங்க வந்தா செய்யறா, இல்லேன்னா செய்யறதில்லை." எல்லா வீட்டிலும் இதே புகார். தனியாக இருக்கிறவர்களுக்கு நான் வருவதே பாதி மருந்து, அது எனக்குத் தெரியாமல் இல்லை. காபி போட்டு வைத்திருப்பார்கள். பேரன் ஃபோட்டோ காட்டி முடிக்க இருபது நிமிடம் ஆகும்.

ஆனால் அந்த 1990 பாஸ்டன் ஆய்வில் நான் சொல்லாமல் விட்ட ஒரு விவரம் உண்டு: பயிற்சியை நிறுத்தி நாலு வாரத்தில் தொடைப் பலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. அதனால் நேரம் குறிப்பதைவிட ஏற்கெனவே இருக்கிற பழக்கத்தோடு கட்டிவிடுகிறேன். சீரியலில் விளம்பரம் வந்தால் எழுந்து உட்காருவது. பல் தேய்க்கும்போது வாஷ்பேசினைப் பிடித்து ஒற்றைக் கால். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள்: வீடியோ காலில் "சாப்டியாம்மா" கேட்டதும் "எத்தனை எழுந்தே?" என்று கேளுங்கள். எண்ணிக்கை சொல்ல வேண்டும் என்பதற்காகவே செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு மாமி கூட்டிச் சொல்கிறார் என்று எனக்குச் சந்தேகம்.

ஆகஸ்ட் 5

ஆடிப்பெருக்குக்கு அம்மா மண்டபம் காவிரிப் படித்துறையில் இறங்க வேண்டும் என்று கேட்டிருந்த மாமி பற்றி விசாரித்தவர்களுக்கு: மே மாதத்திலிருந்து அதற்காகவே வீட்டு மாடிப்படியில் ஏறி இறங்கினோம். கைப்பிடியோடு, அப்புறம் ஒரு கையில் தாம்பாளத்தோடு, அப்புறம் ஈரக்காலோடு. முந்தின நாள் காலை கூட்டம் இல்லாத நேரத்தில் போய் இறங்கிப் பார்த்தோம், மேலே ஏறிவிட்டார். பண்டிகை அன்று கூட்டத்தைப் பார்த்து அவராகவே "வேண்டாம்" என்று மேல்படியில் நின்றபடி கும்பிட்டுவிட்டு வந்துவிட்டார். சரியான முடிவு. இடிக்கிற கூட்டத்தில் எந்தப் பயிற்சியும் காப்பாற்றாது. மாமிக்கு மட்டும் இன்னும் கோபம், கூட்டத்தின் மேல்.

ஆகஸ்ட் 9

எடைப் பட்டை எங்கே கிடைக்கும், விலை என்ன என்று தொடர்ந்து கேட்கிறீர்கள். சர்ஜிக்கல் கடையில் கிடைக்கும். வாங்காமலும் செய்யலாம். கெட்டியான துணியில் நீளப் பை தைத்து, காய்ந்த மணலை எடை போட்டு நிரப்பி, இரண்டு முனையிலும் நாடா வைத்துக் கணுக்காலில் கட்டுங்கள். அரைக் கிலோவில் தொடங்கி, சுலபமானதும் அரை அரையாகக் கூட்டுங்கள். உப்புப் பாக்கெட் வேண்டாம், வியர்வையில் கசிந்து நாடா உருவிவிடும். சர்க்கரை உள்ளவர்கள் கட்டுகிற இடத்தில் தோலைப் பார்த்துவிட்டுக் கட்டுங்கள், அடியில் ஒரு காலுறை போட்டுக்கொள்ளுங்கள். அரிசி நிரப்பலாமா என்று கேட்டவருக்கு: நிரப்பலாம், எலி வரும்.